வீடு பார்க்கப் போனபோது கண்டது: கேரள எல்லைப் பக்கத்து அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறை

பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் தாண்டி இந்தப் பக்கம் குடிவர நினைத்து, போன வருஷம் முழுக்க வீடு பார்த்தோம். மொத்தம் 6 வீடு. அதில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

சித்தூர் போகிற வழியில் 8 சென்ட் இடத்தில் வீடு. கட்டி 9 வருஷம்தான் ஆகிறது. பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை. வீட்டுக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்து அன்பாகப் பேசினார். மனைவிக்குப் பிடித்துவிட்டது, எனக்கும்தான். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மாமனாரை ஒரு தடவை கூட்டிப் போனேன். அவர் 40 வருஷம் கொத்து வேலை பார்த்தவர்.

வாசலில் கூப்பிட்டும் அவர் உள்ளே வரவில்லை. முதலில் வீட்டை வெளியே ஒரு சுற்று சுற்றினார். பின்பக்கச் சுவரில் ஓர் இடத்தில் நின்று விரலால் தடவிப் பார்த்தார். புதுப் பட்டிப் பூச்சுக்கு அடியில் ஒரு விரிசல், செங்கல் இணைப்பை ஒட்டிப் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. "மயிரிழை மாதிரி இருந்தா பூச்சு காயறப்ப வந்ததுன்னு உட்ரலாம் மாப்ள. இது படியேறுது பாருங்க. அஸ்திவாரம் ஒரு பக்கமா எறங்கியிருக்குது" என்றார்.

உள்ளே வந்ததும் 5 ரூபாய்க் காசை எடுத்துக் குனிந்து தரையைத் தட்டிக்கொண்டே போனார். ஹால் நடுவில் கெட்டியான சத்தம். அதே பின்பக்கச் சுவரை ஒட்டிய இரண்டு வரிசை டைல்ஸில் தட்டினால் வெறும் டப்பாவைத் தட்டுகிற மாதிரி 'டொக் டொக்'. அடியில் போட்ட மண் இறங்கி, டைல்ஸ் மட்டும் தனியாக நிற்கிறது. அப்புறம் சுவரில் முழங்கால் உயரத்தில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக் காட்டினார். கை முழுக்க வெள்ளைப் பொடி. பேஸ்மென்ட் மட்டத்தில் ஈரம் தடுக்கும் கலவையைச் சரியாகப் போடாவிட்டால் மண்ணில் இருக்கிற ஈரம் செங்கல் வழியே மேலே ஏறும், வரும்போது உப்பையும் கொண்டுவரும். மேலே எத்தனை தடவை பெயிண்ட் அடித்தாலும் அது உரிந்துதான் வரும்.

சரி, விலையைக் குறைத்துக் கேட்கலாம் என்றுதான் அப்போதும் நினைத்தேன். வில்லேஜ் ஆபீஸிலிருந்து வாங்கிய பிடிஆர் (இடம் எந்த வகை என்று எழுதியிருக்கும் அடிப்படை வரிப் பதிவேடு) நகலை என்னோடு வேலை செய்யும் மலையாளி நண்பரிடம் காட்டினேன். மலையாளம் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டுமே வரும். 'நிலம்' என்று இருந்தது. நிலம்தானே, இதில் என்ன என்று இருந்துவிட்டேன். அவர்தான் சொன்னார், கேரள ரெவின்யூ கணக்கில் 'நிலம்' என்றால் நெல்வயல், வீடு கட்டுகிற இடத்துக்குப் 'புரயிடம்' என்று இருக்க வேண்டும் என்று. 2008-ல் வந்த நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி வயலை நினைத்தபடி மண்ணடித்து மேடாக்க முடியாது.

மாமனார் காசைத் தட்டிச் சொன்னதையே அந்த ஒரு சொல்லும் சொன்னது. வயல் களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அதன்மேல் செம்மண்ணைக் கொட்டி, அது இறுகுவதற்குள் வீட்டைக் கட்டிவிட்டார்கள். வீட்டுக்காரர் 2 லட்சம் குறைத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

செங்கோட்டை

அண்ணாச்சி, நாங்க ஏமாந்த கதை மழையால வந்தது. என் வீட்டுக்காரருக்குக் கேரளத்தில் புனலூர் பக்கம் வேலை மாற்றலாகி, மாசி மாதம் ஒரு வீட்டைப் பார்த்து முடித்தோம். கான்கிரீட் வீடு, மொட்டைமாடிக்கு மேல் முழுக்க இரும்பு ட்ரஸ் அடித்து ஷீட் போட்டிருந்தார்கள். துணி காயப்போட நல்ல வசதி என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் கூரை எதற்காகப் போட்டது என்று கேட்கத் தோன்றவில்லை.

எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) ஆரம்பித்த பிறகு மேற்கிலிருந்து சாரல் ஷீட்டுக்கு அடியில் அடித்து மாடியில் தேங்கியது. படுக்கையறை மூலையில் பெயிண்ட் கொப்பளித்து, ஒருநாள் ராத்திரி உள்ளங்கை அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. நல்லவேளை, பிள்ளை அன்றைக்கு ஆச்சியோடு படுத்திருந்தாள். பெயர்ந்த இடத்தில் கம்பி செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்குமாம். அது உப்ப உப்பக் கான்கிரீட்டை வெளியே தள்ளிவிடும். கசிவை நிறுத்தாமல் மேலே ஷீட் போட்டு மூடியிருக்கிறார்கள்.

கேரளத்தில் மழைக்காக ட்ரஸ் போடுவது சாதாரணம்தான், எல்லாமே ஒழுகுகிற வீடு என்று சொல்லமாட்டேன். ஆனால் மாடி ஏறி, ஷீட் போட்ட வருஷம் எது, அதற்கு முன் ஒழுகியதா என்று கட்டாயம் கேளுங்கள். பரண்மேல் ஏறி டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கே யாரும் பெயிண்ட் அடித்திருக்கமாட்டார்கள்.

பாறசாலை

எங்களுக்கு வீட்டில் குறை ஒன்றுமில்லை, கிணற்றில்தான். இங்கே வீட்டுக்கு வீடு கிணறு. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. குடிவந்த மூன்றாம் மாதத்திலிருந்து பிள்ளைகளுக்கு மாறி மாறி வயிற்றுப்போக்கு. லேபில் கொடுத்துப் பார்த்தால் கோலிஃபார்ம் கிருமி. மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தோம். பக்கத்து வீட்டுக் கழிவுக்குழி அங்கே இருந்தது, டேப் வைத்தால் கிணற்றிலிருந்து 4 மீட்டர். குடிநீர்க் கிணற்றுக்கும் குழிக்கும் 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது கேரளக் கட்டட விதி. நம்ம வீட்டுக் குழி சரியான தூரத்தில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தோம் அண்ணே, மதிலுக்கு அப்பால் பார்க்கவில்லை. இப்போதும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம்.

வாளையாறு

நான் எலக்ட்ரீஷியன். பழைய வீடு வாங்குகிறவர்கள் கூப்பிட்டால் முதலில் எர்த்தைத்தான் பார்ப்பேன். மூணு பின் பாயிண்ட் எல்லா அறையிலும் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. சில இடத்தில் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த்துக்குப் போட்டிருப்பார்கள். இது ரொம்ப ஆபத்து. நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பிலெல்லாம் கரண்ட் வந்துவிடும். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) இருக்கிறதா, டெஸ்ட் பட்டனை அமுக்கினால் விழுகிறதா என்று நீங்களே பார்க்கலாம். மற்றதை வேலை தெரிந்தவரை வைத்துப் பாருங்கள் அண்ணா. நம்ம பக்கம் கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும், அதற்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை

எல்லாருக்கும் நன்றி. செங்கோட்டை அக்கா எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், கட்டில் என்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எருத்தேம்பதி பக்கம் ஏழாவதாக ஒரு வீடு பார்த்திருக்கிறோம். பிடிஆரில் புரயிடம்தான், நண்பரிடம் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஆனால் அங்கே கரிசல் மண், அதுவும் வயல் களிமண் மாதிரி உப்பிச் சுருங்கும். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போனது என்று கட்டிய மேஸ்திரியிடமே கேட்க மாமனார் வரச் சொல்லியிருக்கிறார். சித்தூரின் கிழக்குப் பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு வருகிற இடம் என்பதால் பரிசோதனைக்குப் பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். இனி டேப்பும் டார்ச்சும்கூட. ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறோம். மழை வந்தால் நல்லது.