இரட்டிப்பாக்கும் அட்டை: அடிச்சா எதிராளிக்கு உயிர் ஏறுது!

கேள்வி:
சி ஷார்ப் நிரல் மொழியில நானே எழுதுற சீட்டு விளையாட்டு. ஒரு அட்டையோட தாக்குதலை இரட்டிப்பாக்குற மந்திர அட்டை ஒண்ணு வெச்சிருக்கேன். நேத்து ராத்திரி கை சும்மா இருக்காம, தாக்குதல் 7 உள்ள வீரன் மேல அதையே திரும்பத் திரும்பப் போட்டேன். 28 தடவை வரைக்கும் சரி. 29-ஆவது தடவை −53,68,70,912! அடிச்சா, எதிராளியோட 30 உயிர் 53,68,70,942 ஆயிடுச்சு. தாக்குதலை இன்ட்ல (32 பிட் முழு எண் வகை) வெச்சிருக்கேன். அதுக்குப் பதிலா லாங் (64 பிட்) போட்டாப் போதுமா?

பதில் 1:
போதாது. 32 பிட் இன்ட்டோட உச்சம் 214,74,83,647. தாண்டினா மைனஸுக்குச் சுத்தி வந்துடும். லாங்ல அதே கூத்து 61-ஆவது தடவை நடக்கும், அவ்வளவுதான். பெருக்குறதுக்கு முன்னாடியே பாருங்க: தாக்குதல் உச்சவரம்புல பாதிக்கு மேலன்னா, நேரா உச்சவரம்பையே வெச்சுடுங்க. பெருக்கிட்டு அப்புறம் "மைனஸா?"ன்னு கேக்காதீங்க. நாளைக்கு மூணு மடங்காக்குற அட்டை வெச்சா, சுத்தி வர்றது ப்ளஸ்லயும் வந்து நிக்கலாம்.

பதில் 2:
டபுளுக்கு (தசமப் புள்ளி எண் வகை) மாறலாமே? பலாட்ரோங்கிற சீட்டு விளையாட்டு அப்படித்தான். சுமார் 1.8×10^308 தாண்டினா முடிவிலி, மைனஸ் ஆகாது.

பதில் 1:
ஆனா டபுள்ல 2^53-க்கு மேல போயிட்டா, ஒண்ணு கூட்டினா சரியா ஒண்ணு ஏறாது. உயிர்க் கணக்குக்கு அது எனக்குப் பிடிக்கலை.

கேள்வி கேட்டவர்:
9,99,999-னு வரம்பு வெச்சுட்டேன். செக்டு (எண் வரம்பு தாண்டினா பிழைன்னு நிறுத்துற சி ஷார்ப் வசதி) போட்டு ஓட்டினதுல இன்னொண்ணும் மாட்டுச்சு: உயிர் ஏத்துற அட்டை. அதுல அதிகமா ஏத்திக்கிட்டவன் செத்துப்போறான்!