தனி ஊசல் சோதனையில் 10.9 வருகிறது, உதவுங்கள்

வணக்கம். என் மகள் பிளஸ் ஒன், தமிழ் வழி. தனி ஊசலை (நூலில் கட்டித் தொங்கவிட்ட குண்டு) வைத்துப் புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனையை வீட்டிலேயே செய்து பார்க்கிறாள். கட்டிய இடத்திலிருந்து குண்டின் மையம் வரை சரியாக 1 மீட்டர். 20 அலைவுக்கு (ஒரு முறை போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு) 40 நொடி வர வேண்டும், அவளுக்கு 38தான் வருகிறது. கணக்குப் போட்டால் 9.8க்குப் பதில் 10.9! நாலு முறை செய்தும் அதேதான். பிள்ளை சோர்ந்துவிட்டாள்.

செல்போன் ஸ்டாப்வாட்சை அழுத்தும்போதே "ஒன்று" என்று எண்ணுகிறாள். பூஜ்யத்தில் தொடங்க வேண்டுமோ என்று எனக்குச் சந்தேகம். இயற்பியல் ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்களேன்.

இன்னொன்று, குண்டை ஏன் கொஞ்சமாக மட்டும் இழுத்துவிட வேண்டும்? சூத்திரம் மனப்பாடம், காரணம்தான் கேட்கிறாள். எளிய தமிழில் விளக்கினால் அவளிடம் அப்படியே காட்டுவேன். அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு.