மறு: "கற்றல் கதை" – பயில்கதை எனலாமா?

குழுவினருக்கு வணக்கம். மழலையர் கல்வியில் "Learning Story" எனப்படும் மதிப்பீட்டு முறைக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். "கற்றல் கதை" என்ற மொழிபெயர்ப்புக்குக் குழுவில் வந்த மறுப்பு இது:

> கதை என்றாலே புனைவு என்று தோன்றும். "கற்றல் மதிப்பீட்டுக் குறிப்பு" போதாதா?

போதாது என்றே நினைக்கிறேன். நியூசிலாந்தின் மழலையர் கல்வித் திட்டமான தெ ஃபாரிகி 1996-இல் வந்தது. அதையொட்டி அந்நாட்டுக் கல்வி ஆய்வாளர் மார்கரெட் கார் வளர்த்தெடுத்த முறை இது. மதிப்பெண் கிடையாது, தெரியும் தெரியாது என்று டிக் அடிக்கும் பட்டியலும் கிடையாது. குழந்தை எதிலாவது மூழ்கியிருக்கும்போது ஆசிரியர் கவனித்து, படங்களோடு ஒரு பக்கம் எழுதுகிறார். பல நேரம் குழந்தையிடமே பேசுவதுபோல இருக்கும்: "மூன்று முறை பாலம் சரிந்தது. நாலாவது தடவை நீ அடியில் பெரிய கட்டையை வைத்தாய்." இதைக் குறிப்பு என்றால் உயிர் போய்விடும். "கதை விடாதே" என்கிறோம், உண்மைதான். ஆனால் "என் கதையைக் கேளுங்கள்" என்று தொடங்குபவர் புனைந்து சொல்வதில்லையே.

"கற்றல் கதை"யில் எனக்குள்ள சிக்கல் வேறு. பாடம் நடத்த உதவும் கதை என்றும் அதற்குப் பொருள் வருகிறது. அதனால்தான் பயில்கதை. வினைத்தொகை என்பதால் பயின்ற, பயில்கின்ற, பயிலும் கதை என மூன்று காலமும் அதில் அடங்கும். அந்தப் பக்கத்தின் அமைப்பும் பெரும்பாலும் அப்படித்தான்: என்ன நடந்தது, அதில் தெரியும் கற்றல் எது, அடுத்து என்ன செய்யலாம். வளர்கதை என்றும் யோசித்தேன். உயரம், எடை பார்ப்பதுபோல் ஒலிக்கிறது.

அப்புறம், குடும்பத்தார் எழுதும் பகுதி. இதை விட்டுவிட்டால் முறையே இல்லை. பக்கம் வீட்டுக்குப் போகிறது. "பாட்டியோடு மாவு பிசையும்போதும் இப்படித்தான், சரியாக வரும்வரை விடமாட்டாள்" என்று யாராவது எழுதினால், ஆசிரியர் அதுவரை பார்த்திராத குழந்தை ஒன்று தெரிகிறது. "பெற்றோர் கருத்து" என்றால் முன்னேற்ற அட்டையில் கையெழுத்துப் போடும் இடம்போல் ஆகிவிடுகிறது. நியூசிலாந்துப் பழங்குடியினரின் மாவோரி மொழியில் குடும்பத்தைக் குறிக்கும் ஃபானௌ என்ற சொல்லில் தாத்தா பாட்டி, அத்தை, மாமா எல்லாரும் அடக்கம். நமக்கு வீட்டார் இருக்கிறதே! "வீட்டார் சொல்" என்று வைக்கலாம்.

"வீட்டார் மறுமொழி" வேண்டாம் என்பேன். எப்போதும் பள்ளியே முதலில் பேசும் என்று அது காட்டுகிறது. சில கதைகளை வீட்டார்தான் முதலில் எழுதி அனுப்புகிறார்கள்.

முழு நடைமுறைக்கு "வீட்டாரோடு மதிப்பிடல்" என்பது என் முன்மொழிவு. "கூட்டு மதிப்பீடு" குழுவாக மதிப்பிடுவதாகிவிடும். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றுகிறதா?