விழுந்தவர் எழுந்து பேசினார், அதை நம்பி உறங்க விட்டோம்

குலசேகரம் பக்கமிருந்து:

சித்தப்பா ரப்பர் பால்வெட்டுக்காரர். விடியற்காலை நாலு மணிக்கே நெற்றியில் ஹெட்லைட் கட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பிவிடுவார். ஹெட்லைட் கட்டுவதால் ஹெல்மெட் கிடையாது. திருவட்டாறு ரோட்டில் நாய் குறுக்கே சாடி, வண்டி சறுக்கி, வலது காதுக்கு மேலே கல்லில் அடி. ஒன்றிரண்டு நிமிடம் பேச்சுமூச்சு இல்லையாம். பிறகு தானே எழுந்து சாயாக்கடை வரை நடந்திருக்கிறார்.

நான் போய் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். "ஒண்ணுமில்ல மக்கா, லேசான அடிதான்" என்றார். ரத்தமும் அதிகமில்லை. ஆனால் "பால்வாளி எங்க?" என்று கேட்டார். காட்டினேன். ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வி, அதே குரலில். நாலாவது தடவை கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பிறகு ஒரு வாந்தி. தலை வலிக்குது என்று படுத்தார். "களைப்பு, கிடந்து ஒறங்கட்டும்" என்றாள் சித்தி.

எட்டு மணிக்குக் குறட்டை கேட்டது. அவருடைய வழக்கமான குறட்டை இல்லை, தொண்டையில் சளி உருளுகிற சத்தம். கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. அழுத்திக் கிள்ளினால் மட்டும் கண்ணைத் திறந்து முனகி, என் கையைத் தட்டிவிட்டார். அவருடைய ஹெட்லைட்டையே எடுத்துக் கண்ணில் அடித்தேன். இடது கண்மணி சுருங்கியது. வலது கண்மணி விரிந்தபடியே கிடந்தது, வெளிச்சம் பட்டும் அசையவில்லை.

108-ல் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சி.டி. ஸ்கேன் எடுத்த கையோடு ஆபரேஷன். பொட்டெலும்பு மெல்லியது, அதன் உள்பக்கம் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது, எலும்பு விரிசல் விட்டதில் அது அறுந்து மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் தேங்கியிருக்கிறது என்று டாக்டர் படத்தில் காட்டினார். முதல் அதிர்ச்சி தெளிந்ததால் பேசினார்; ரத்தம் சேரச் சேர மூளை நெருக்கப்பட்டு மறுபடி நினைவு போயிருக்கிறது. இடையில் இருந்த அந்த நல்ல நேரத்தைத்தான் நாங்கள் சுகம் என்று நினைத்துவிட்டோம். கேஸ் ஷீட்டில் ஜி.சி.எஸ். 9 என்று எழுதியிருந்தது. அது என்ன கணக்கு?

தக்கலையிலிருந்து, நர்ஸ்:

அது நினைவை அளக்கிற மார்க், கிளாஸ்கோ கோமா ஸ்கேல். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரண்டு டாக்டர்கள் 1974-ல் கொண்டுவந்தது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3. எட்டும் அதற்குக் கீழும் போனால் கோமா. உங்கள் சித்தப்பா வலிக்கு மட்டும் கண் திறந்தார், 2; முனகினார், 2; கிள்ளிய கையைத் தட்டிவிட்டார், 5. சரியாக 9. ஆனால் எங்களுக்கு ஒரு தடவை போடும் மார்க்கைவிட, அது இறங்குகிறதா என்பதுதான் கவலை. அதனால்தான் அடிக்கடி வந்து எழுப்புகிறோம். "இப்பதான் ஒறங்கினாரு" என்று சொந்தக்காரர்கள் கோபப்பட்டாலும் எழுப்பத்தான் வேண்டும்.

முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், சாராய வாடை அடித்த ஒருவரைக் குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று ஓரமாகப் படுக்க வைத்தார்கள். ராத்திரி நான்தான் கண்ணைப் பார்த்தேன், இதே மாதிரி ஒரு கண்மணி விரிந்து கிடந்தது. பிழைக்கவில்லை. தலையில் அடிபட்டவருக்கு வாடையை வைத்துக் காரணம் சொல்லாதீர்கள். சாயா, தண்ணி வாயில் ஊற்றாதீர்கள். கழுத்தைத் திருப்பித் தூக்காதீர்கள்.

குளச்சலிலிருந்து:

எங்க அம்மாவுக்கு மயக்கமே வரவில்லை. குளியலறையில் வழுக்கித் தலையில் சின்ன வீக்கம், அவ்வளவுதான். இருதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். மூன்று வாரம் கழித்துக் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டார், இடது கால் இழுத்தது, பகலிலும் உறக்கம். முதலில் காட்டிய இடத்தில் வயசு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனசு கேட்காமல் ஸ்கேன் எடுத்தால், மூளை உறைக்கு அடியில் பழைய ரத்தம். வயதானால் மூளை சுருங்கி, அங்கேயுள்ள சின்ன ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்குமாம். லேசான அடிக்கே அறுந்து கசியும். துளை போட்டு வடித்தார்கள். மறுநாளே சாளைக் கறி கேட்டார்.

மறுபடி குலசேகரத்திலிருந்து:

நன்றி சிஸ்டர். சித்தப்பா இப்போது நன்றாக நடக்கிறார், கணக்கு வழக்கு எல்லாம் பார்க்கிறார். விழுந்த நாளும் அதற்கு முந்தின சாயங்காலமும் மட்டும் ஞாபகத்தில் இல்லை. மணமும் போய்விட்டது, மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அதிர்ச்சியில் அறுந்திருக்கும் என்கிறார்கள். நேற்று ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து நாறும் ரப்பர் பால்) சாக்கைப் பிரித்து, முகத்தோடு வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலியே மக்கா" என்று சாக்கைக் கட்டி வைத்தார்.