கலைச்சொல் முன்மொழிவு: விளாவி, தன்விளாவி, தொடக்க ஓட்டம்

அன்புடையீர், வணக்கம்.

வெந்நீரையும் தண்ணீரையும் சேர்த்து ஷவருக்கு விடும் ஷவர் மிக்ஸருக்குத் தமிழ்ச் சொல்லாகக் 'கலவைக் குழாய்', 'கலப்பான்', 'கலப்பு ஓரதர்' (ஓரதர் என்பது வால்வு) ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கு மாற்றாக 'விளாவி' என்னும் சொல்லை முன்மொழிகிறேன். கொதிக்கும் வெந்நீரில் பச்சைத்தண்ணீர் ஊற்றிக் குளிக்கும் பதத்துக்குக் கொண்டுவருவதை விளாவுதல் என்றே வீடுகளில் சொல்கிறோம். இந்த ஒரு செயலுக்கென்றே வழக்கில் வாழும் வினை கையில் இருக்கும்போது, எதையும் எதனோடும் சேர்ப்பதைக் குறிக்கும் 'கலத்தல்' நமக்குத் தேவையில்லை. மேலும், கட்டட வேலையில் கலவை என்றால் சிமென்ட்டும் மணலும் குழைத்த சாந்து என்றே கொத்தனார் எடுத்துக்கொள்வார். குளியலறை வேலைக்குறிப்பில் அச்சொல் இருபொருள் பட வருவது நல்லதன்று.

விளாவி என்பது வினையெச்சமாக அல்லவா ஒலிக்கிறது என்று தயங்க வேண்டியதில்லை. வடிகட்டி, ஓட்டி ஆகியவையும் எச்சமாகவும் பெயராகவும் வழங்குபவைதாம், குழப்பம் நேர்வதில்லை.

ஒற்றைக் கைப்பிடியைத் திருப்பி நாமே சூட்டைச் சரிசெய்யும் வகையைக் கைவிளாவி எனலாம். குறித்த வெப்பநிலையைத் தானே காக்கும் வகைக்குத் தன்விளாவி பொருந்தும். அதன் உள்ளே மெழுகு அடைத்த சிறு உறுப்பு ஒன்று வெளியேறும் நீரில் நனைந்தபடி இருக்கும். நீர் சூடேறினால் மெழுகு விரிந்து வெந்நீர் வழியை ஒடுக்கித் தண்ணீர் வழியை அகட்டும். குளிர்ந்தால் சுருங்கி எதிர்த்திசையில் இயங்கும்.

சேமித்து வைக்காமல், ஓடும் நீரை அப்போதே சூடேற்றும் மின்சார உடனடி நீர்சூடேற்றியோடு இதை இணைக்கும்போதுதான் கலைச்சொல்லில் துல்லியம் தேவைப்படுகிறது. 21 கிலோவாட், மும்முனை மின்சாரத்தில் இயங்கும் கருவி பொருத்திய ஒரு ஜெர்மன் அடுக்ககத்தை எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் 10 பாகை செல்சியஸில் வரும் குழாய்நீரை 38 பாகைக்கு உயர்த்தினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10.7 லிட்டர் கிடைக்கும். ஆனால் அங்கே நிமிடத்துக்கு 6 லிட்டர் மட்டும் விடும் சிக்கன ஷவர் தலை மாட்டியிருந்து, கருவியை 60 பாகையில் வைத்துத் தன்விளாவியில் 38 பாகைக்கு விளாவினால், கருவி வழியாக ஓடுவது சுமார் 3.4 லிட்டர்தான். கோடையில் குழாய்நீர் 18 பாகையாக இருந்தால் அதுவும் 2.9 லிட்டராகக் குறைந்துவிடும். நிமிடத்துக்கு 3 லிட்டருக்கு மேல் ஓடினால்தான் சூடேற்றும் கருவி என்றால், இப்போது அது அணைந்துவிடும். குளிர்ந்த நீர் வந்ததும் தன்விளாவி வெந்நீர் வழியை அகலத் திறக்க, ஓட்டம் கூடிக் கருவி மீண்டும் சூடேற்றத் தொடங்கும்; சூடு ஏறியதும் விளாவி அவ்வழியை மறுபடி ஒடுக்கும். குளிப்பவர் மேல் சூடும் குளிருமாக மாறி மாறி நீர் விழும் இந்நிலையைச் சூட்டலைவு எனலாம்.

சூடேற்றி விழித்துக்கொள்ளும் ஓட்ட அளவுக்குத் 'தொடக்க ஓட்டம்' என்பதே எளிய சொல். நெருப்பு மூட்டுதலை நினைத்து 'மூட்டு ஓட்டம்' என்றொரு சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். குழாய்த் தொழிலில் மூட்டு என்பது இணைப்பிடம் என்பதால் விட்டுவிட்டேன். பல கருவிகள் தொடங்கும் அளவைவிடச் சற்றுக் குறைந்த ஓட்டத்தில்தான் நிற்கின்றன. ஆகவே 'நிறுத்த ஓட்டம்' என்ற இணைச்சொல்லும் வேண்டும்.

மேற்கண்ட கணக்கில், வெப்பநிலையை மின்னணுமுறையில் குறித்து வைக்கக்கூடிய கருவியை 60-இலிருந்து 45 பாகைக்கு இறக்கினால், அதே 6 லிட்டர் ஷவருக்குக் குளிர்காலத்தில் 4.8 லிட்டரும் கோடையில் 4.4 லிட்டரும் கருவி வழியே ஓடும்; அணைதல் நின்றுவிடும். அதற்காக வெந்நீரை 38-க்கு மிக அருகில் இறக்கிவிடவும் கூடாது, ஏனெனில் இருபுற நீருக்கும் போதிய வெப்பநிலை வேறுபாடு இல்லாவிட்டால் தன்விளாவியால் சரியாக ஆள முடியாது. கருவியின் உள்ளே நீர் அழுத்தத்தை இழப்பதும் கணக்கில் வர வேண்டும்: தண்ணீர்ப் பக்கம் முழு அழுத்தத்தோடு தள்ள, வெந்நீர்ப் பக்கம் தளர்ந்து வருகிறது. ஓட்டம், வெப்பநிலை, அழுத்தம் ஆகிய மூன்றும் ஒத்துவருவதைத்தான் 'விளாவிப் பொருத்தம்' என்ற தலைச்சொல்லின்கீழ் விளக்க விரும்புகிறேன். கம்பாட்டிபிலிட்டி என்பதற்கு வழங்கும் 'இணக்கம்' மென்பொருள் துறையில் நன்றாக வேரூன்றிவிட்டது. குழாய்களுக்குப் பொருத்தமே இயல்பாக இருக்கிறது.

சூடேற்றியின் பெயரில் உள்ள 'உடனடி'யையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். தமிழ்நாட்டுக் கடைகளில் இன்ஸ்டன்ட் கீசர் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை 1 அல்லது 3 லிட்டர் சிறுதொட்டியும் 3 கிலோவாட் சூடேற்றுக் கம்பியும் கொண்டவை. சேமிப்பே இல்லாமல் ஓடும் நீரைச் சூடேற்றும் வகையையும் அதே பெயரால் அழைத்தால் மேற்சொன்ன கணக்கு எதற்குரியது என்பது படிப்பவருக்கு விளங்காது. அவ்வகையை 'ஓட்டச் சூடேற்றி' என்று பிரித்துவிட்டால் தொடக்க ஓட்டம், நிறுத்த ஓட்டம் ஆகியவை அதனோடு ஒரே குடும்பமாக நிற்கும்.

குழாய்த் தொழிலில் இருப்பவர்கள், தங்கள் பகுதியில் விளாவுதல் என்ற வினை வழக்கில் உள்ளதா, அல்லது அதற்கு வேறு சொல் உண்டா என்று தெரிவித்தால், பதிவை இறுதிசெய்யுமுன் சேர்த்துக்கொள்ளலாம்.