ஸ்டாண்ட்பை டிக்கெட்டில் ரைஃபிளோடு ஜோகன்னஸ்பர்க்: வழி சொல்லுங்கள்

குன்னூர்வாசி கேட்டது

வணக்கம். ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் ஒரு தனியார் வேட்டைப் பண்ணையிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. இம்பாலா, குடு என்ற இரண்டு மான் வகையும் சுடலாம், பண்ணைக்கு முறையான அனுமதி உண்டு. மகள் விமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அவள் கணக்கில் எனக்கும் மனைவிக்கும் ஸ்டாஃப் டிக்கெட் கிடைக்கும், ஆனால் ஸ்டாண்ட்பை. இடம் மிஞ்சினால்தான் ஏற்றுவார்கள்.

கோவை–மும்பை ஒரு நிறுவனம். மும்பை–அடிஸ் அபாபா–ஜோகன்னஸ்பர்க் வேறொரு நிறுவனம். என்னிடம் இருப்பது .30-06 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். லைசென்ஸ் ஊட்டி கலெக்டர் ஆபீஸில் வாங்கியது.

ஸ்டாண்ட்பையில் போகிறவர் துப்பாக்கியை லக்கேஜில் போட முடியுமா? இடம் கிடைக்காமல் போனால் பெட்டி என்ன ஆகும்? எந்தெந்தக் காகிதம் வேண்டும்?

பீளமேடு தரைப்பணி

முதலில் மகளிடம் அவர்கள் ஸ்டாஃப் பயண விதியைப் படிக்கச் சொல்லுங்க சார். சில நிறுவனங்களில் ஸ்டாஃப் டிக்கெட்டில் ஆயுதமே கூடாது என்று எழுதியிருக்கும். அப்படி இருந்தால் மேலே யோசிக்க வேண்டியதில்லை.

அனுமதி உண்டு என்றாலும் சிக்கல் இருக்கிறது. துப்பாக்கிக்கு விமான நிறுவனம் தரும் சம்மதம் ஒரு குறிப்பிட்ட தேதிக்கு, ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கு. ஸ்டாண்ட்பை பயணி இன்றைக்கு ஏறலாம், நாளை மறுநாளும் ஏறலாம். பெயர் அடுத்த விமானத்துக்குத் தானாக நகரும். ஆயுத சம்மதம் நகராது. அதை முதலிலிருந்து மறுபடி கேட்க வேண்டும்.

நேரமும் இடிக்கும். ஸ்டாண்ட்பை பெயர்களைக் கூப்பிடுவது செக்-இன் மூடிய பிறகு, கடைசி நிமிடங்களில். துப்பாக்கிக்கோ லைசென்ஸ் சரிபார்த்து, காலியாக இருப்பதைத் திறந்து காட்டி, படிவம் நிரப்பி, சீல் வைத்து, தனியாகக் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி வரை ஆகும். அதனால் இடம் காலியாக இருந்தும் "பெட்டிக்கு நேரமில்லை" என்று உங்களை விட்டுவிட்டுப் போவார்கள். சர்வதேச விமானத்தில் ஆள் இல்லாமல் அவர் பெட்டி போகக் கூடாது. துப்பாக்கி விஷயத்தில் இதில் துளி விட்டுக்கொடுப்பும் கிடையாது.

மும்பையில் இமிக்ரேஷன் முத்திரை விழுந்த பிறகு இடமில்லை என்றால் அந்த முத்திரையை ரத்து செய்ய வேண்டும், கஸ்டம்ஸ் காகிதத்தில் விமான எண்ணை மாற்ற வேண்டும், பாதுகாப்பு அதிகாரி பெட்டியை உங்கள் கையில் திருப்பித் தர வேண்டும். மூன்றும் மூன்று வெவ்வேறு கவுன்டர். அன்றிரவு ரைஃபிளோடு எங்கே தங்குவீர்கள் என்பதையும் இப்போதே யோசியுங்க. நிறைய ஓட்டல்களில் ஆயுதத்தோடு உள்ளே விட மாட்டார்கள்.

ஊட்டி லைசென்ஸ் விவரம்

காகிதம் பற்றி நான் சொல்கிறேன்.

லைசென்ஸில் செல்லுபடியாகும் எல்லையைப் பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்றால் மும்பையில் பெட்டியை எடுத்துக்கொண்டு இன்னொரு டெர்மினலுக்குப் போவதே எல்லை மீறல். "இந்தியா முழுவதும்" என்று நீட்டித்து வாங்கிய பிறகுதான் டிக்கெட். லைசென்ஸில் யுஐஎன் (லைசென்ஸ்காரருக்குத் தரும் தனி அடையாள எண்), காலாவதித் தேதி இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், ரைஃபிளின் சீரியல் எண்ணைத் துப்பாக்கியில் பொறித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் கவுன்டரில் நின்றுவிடும். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

நாட்டை விட்டு எடுத்துச் செல்ல 1959 ஆயுதச் சட்டத்தின் 10-வது பிரிவைப் படியுங்கள். ஆயுதம் வைத்திருக்கச் சட்டப்படி உரிமை உள்ளவர், சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் தனி ஏற்றுமதி லைசென்ஸ் இல்லாமல் எடுத்துப் போகலாம், திரும்பக் கொண்டு வரலாம். ஆனால் கஸ்டம்ஸ் கமிஷனருக்குச் சந்தேகம் வந்தால் மத்திய அரசின் உத்தரவு வரும் வரை பிடித்து வைக்கலாம், அதுவும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதனால் அழைப்புக் கடிதம், போய்வரும் டிக்கெட், லைசென்ஸ் நகல், பயணத்தைக் குறிப்பிட்டு கலெக்டர் ஆபீஸுக்குக் கொடுத்த மனுவின் ஒப்புகை எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். புறப்படும்போதே கஸ்டம்ஸில் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் போட்டு வாங்குங்கள். அது இல்லாமல் திரும்பி வந்தால் உங்கள் ரைஃபிளையே புதிதாக இறக்குமதி செய்வதாகப் பார்ப்பார்கள்.

குன்னூர்வாசி

ரெண்டு பேருக்கும் நன்றி. தோட்டா எவ்வளவு எடுக்கலாம்? மனைவி பெட்டியில் பாதி வைத்தால் ஆகுமா?

பீளமேடு தரைப்பணி

ஆகாதுங்க. சர்வதேச விதிப்படி ஒருவருக்கு மொத்த எடை 5 கிலோ, அதுவும் அவர் சொந்த உபயோகத்துக்கு. வெடிக்கும் முனை, தீப்பற்றும் முனை கொண்டது அறவே கூடாது. இரண்டு பேர் அளவைச் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டக் கூடாது. லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கும்போது வீட்டம்மாவின் பெட்டியில் தோட்டா இருந்தால் அது வழக்கு. இங்கே பல நிறுவனங்கள் 50 தோட்டாவோடு நிறுத்திவிடும். .30-06 தோட்டா 180 கிரெய்ன் (முனையின் எடையைச் சொல்லும் அளவு) முனையோடு சுமார் 28 கிராம் வரும். 50 என்றால் டப்பாவோடு ஒன்றரைக் கிலோவைச் சுற்றித்தான். இரண்டு மான் வகைக்கு 50 தாராளம்.

கம்பெனி டப்பாவிலேயே இருக்கட்டும், உதிரியாகப் பையில் கொட்ட வேண்டாம். ரைஃபிள் கடினமான பெட்டியில், போல்ட்டை (கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் பாகம்) கழற்றி அதே பெட்டியில். போல்ட்டைக் கைப்பையில் வைத்தால் கேபின் சோதனையில் ஆயுத பாகம் என்று பிடிப்பார்கள். பூட்டு போட்டபின் மூலையைக் கையால் தூக்கிப் பாருங்கள். விரல் நுழைந்தால் அந்தப் பெட்டி சரியில்லை. சாவி உங்கள் கையில் மட்டும். தோட்டா அதே பெட்டியிலா தனிப் பெட்டியிலா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சம்மதக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்க.

லிம்போபோ வழி தெரிந்தவர்

அங்கே இறங்கியதும் போலீஸ் ஆயுத அலுவலகத்தில் தற்காலிக இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். படிவத்தின் பெயர் எஸ்ஏபிஎஸ் 520 (எஸ்ஏபிஎஸ் என்பது தென்னாப்பிரிக்கப் போலீஸ்). கறுப்பு மையில் நிரப்புங்கள். கையெழுத்தை மட்டும் வீட்டில் போடாதீர்கள், அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். பாஸ்போர்ட் நகல், லைசென்ஸ் நகல், பண்ணையின் அழைப்புக் கடிதம், திரும்பும் டிக்கெட் கேட்பார்கள். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரை அவர்கள் அனுமதிப்பார்கள், உங்களைத் தடுப்பது இந்தியப் பக்கத்து 50தான்.

முன்கூட்டியே அனுமதி கேட்டால் வரும் தேதியையும் விமானத்தையும் எழுத வேண்டும். ஸ்டாண்ட்பையில் அதை எப்படி எழுதுவீர்கள்? தேதி தப்பினால் பண்ணைக்காரர் அனுப்பிய ஆளும் வண்டியும் காத்திருந்து திரும்பிவிடும்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு. அடிஸ் அபாபா விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்று கேட்கும். உறுதி டிக்கெட்காரர் இரண்டு மூன்று மணியில் மாறிப் போய்விடுவார். ஸ்டாண்ட்பை பயணிதான் இரவு முழுக்க அங்கே மாட்டுவார். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும், ஆகவே கிளம்பும் வாரத்தில் ஓடிப் பயனில்லை. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்.

அடிஸில் மாட்டினால் ரைஃபிள் பெட்டி விமான நிறுவனத்தின் காவலில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போக நினைக்காதீர்கள். அந்நாட்டு அனுமதி இல்லாமல் வெளியே வந்த துப்பாக்கி அது. மும்பையிலேயே ஜோகன்னஸ்பர்க் வரை டேக் போட்டார்களா என்று சீட்டில் மூன்றெழுத்தைப் படித்துப் பாருங்கள், ஜேஎன்பி என்று இருக்க வேண்டும்.

மசினகுடிக்காரர்

மலையிலிருந்து வண்டியில் இறங்கும் வழியைப் பற்றி ஒரு வார்த்தை. மும்பைக்குப் பதில் பெங்களூரிலிருந்து கிளம்பலாம் என்று யாராவது சொன்னால், முதுமலைச் சரணாலயத்துக்குள் இருக்கும் தெப்பக்காடு வழியாக ரைஃபிளோடு போகாதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 31-வது பிரிவுப்படி முன்கூட்டி எழுத்தில் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. லைசென்ஸ் கையில் இருந்தாலும், பெட்டி பூட்டியிருந்தாலும் செக்போஸ்டில் பதில் சொல்ல முடியாது. முதுமலைக்கு மட்டுமில்லை, சத்தியமங்கலம் திம்பம் மலைப்பாதைக்கும் இதேதான். மேட்டுப்பாளையம் இறங்கி, அவினாசி, சேலம் வழியே போங்க. சுற்றுதான், ஆனா தொல்லை இல்லை.

மசினகுடி, கூடலூர்ப் பக்கம் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் 34-வது பிரிவையும் பாருங்க. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் வனத்துறையில் பெயரைப் பதிய வேண்டும்.

குன்னூர்வாசி

அப்படியென்றால் மும்பை–ஜோகன்னஸ்பர்க் மட்டும் எனக்கு உறுதி டிக்கெட் எடுத்துவிட்டு, மனைவி ஸ்டாண்ட்பையில் வரட்டுமா?

பீளமேடு தரைப்பணி

அது நடக்கும். லைசென்ஸ்காரருக்கு உறுதி டிக்கெட், போகவும் வரவும் ஒரே பிஎன்ஆரில். அம்மா ஒரு நாள் தள்ளி வந்தாலும் பெட்டி உங்களோடு போகும். இரண்டு பேர் லக்கேஜையும் ஒரே பெயரில் சேர்க்க மட்டும் விடாதீங்க. கோவை–மும்பையும் உறுதியாகவே இருக்கட்டும். நடுவில் ஆறு மணி நேரமாவது விடுங்கள், அங்கே பெட்டியை எடுத்து மறுபடி முதலிலிருந்து காட்ட வேண்டும். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மரம் விழுந்தால் கோத்தகிரி வழி இறங்குங்கள்.

லிம்போபோ வழி தெரிந்தவர்

என் அபிப்பிராயம் வேறு. ரைஃபிளை ஊரிலேயே விட்டுவிட்டு, பண்ணையில் வாடகைக்கு எடுங்கள். அங்கே பெரும்பாலான பண்ணைகளில் கிடைக்கும், தோட்டாவுக்குத் தனிக் காசு. துப்பாக்கி இல்லையென்றால் 520 படிவம் இல்லை, எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் இல்லை, ஸ்டாண்ட்பையிலும் இருவரும் கவலையின்றிப் போகலாம். மஞ்சள் காய்ச்சல் ஊசி மட்டும் அப்போதும் வேண்டும். சொந்த ரைஃபிளில் சுட வேண்டும் என்ற ஆசை நியாயமானது, பழகிய ட்ரிக்கர் பழகியதுதான். அந்த ஆசைக்கு ஒரு உறுதி டிக்கெட் விலை கொடுக்கலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வாடகை என்றால் என்ன காலிபர், வலது கை போல்ட்டா, ஸ்கோப் உண்டா என்று இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

குன்னூர்வாசி

மனைவியும் வாடகை என்கிறாள். பண்ணைக்காரருக்கு எழுதிவிட்டேன், .30-06 இருக்கிறதாம். ஊரில் விட்டுப்போகும் ரைஃபிளுக்கு ஜூலை மாத மூடுபனி ஈரத்தில் என்ன செய்ய வேண்டும்?

ஊட்டி லைசென்ஸ் விவரம்

பூட்டிய வீட்டில் விடாதீர்கள். லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையில் ரசீது வாங்கி ஒப்படையுங்கள், இல்லையென்றால் காவல் நிலையத்தில். ஃபோம் பெட்டியில் போட்டுக் கொடுக்க வேண்டாம். ஃபோம் ஈரத்தைப் பிடித்து வைத்து, படும் இடத்தில் எல்லாம் துரு ஏற்றும். குழலுக்குள்ளும் வெளியேயும் மெல்லிய எண்ணெய் பூசி, துணி உறையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஸ்கோப்பைக் கழற்றித் தனியாக, காற்றுப் புகாத டப்பாவில். லென்ஸில் பூஞ்சை பிடித்தால் போகாது. திரும்பி வந்ததும் குழலில் எண்ணெயைத் துடைத்து எடுத்த பிறகே முதல் தோட்டா.