துகு நெகாரா அமெரிக்கச் சிலையின் நகலா?

செந்தூல் ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கோலாலம்பூரில், நாட்டுக்காக உயிர்நீத்த வீரர்களின் தேசிய நினைவுச்சின்னமான துகு நெகாராவுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். படத்தைப் பார்த்த மாணவி ஒருத்தி, வீரர்கள் கொடியேற்றுவதைக் காட்டும் அமெரிக்காவின் இவோ ஜிமா போர் நினைவுச் சிலையைப் போலவே இருக்கிறதே என்று கேட்டாள். இந்தச் சின்னத்தின் வரலாற்றை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
வணக்கம் டீச்சர். மாணவி சரியாகவே கவனித்திருக்கிறாள். இரண்டையும் வடித்தவர் ஆஸ்திரியாவில் பிறந்த அமெரிக்கச் சிற்பி பீலிக்ஸ் டி வெல்டன். 1960இல் அமெரிக்கா சென்றிருந்த நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், ஆர்லிங்டனில் உள்ள அச்சிலையால் ஈர்க்கப்பட்டு, நம் நாட்டின் சின்னத்தை வடிக்கும் பணியையும் அந்தச் சிற்பியிடமே ஒப்படைத்தார். ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள இந்த வெண்கலச் சிலையை, 1966 பிப்ரவரி 8 அன்று அப்போதைய மாமன்னர் சுல்தான் இஸ்மாயில் நசிருதீன் ஷா திறந்து வைத்தார்.

ஆயினும் இதை நகல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இவோ ஜிமா சிலை 1945இல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்திலிருந்து பிறந்தது. அதில் அறுவரும் கொடிக்கம்பத்தை நிமிர்த்திக்கொண்டிருக்கிறார்கள். நம் சிலையின் எழுவரில், உச்சியில் நிற்பவர் கொடியை உயர்த்திப் பிடித்திருக்க, இருபுறமும் ஆயுதமேந்திய வீரர்கள் காவல் நிற்க, கீழே ஒருவர் காயம்பட்ட தோழரைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். காலடியில் எதிரிகள் இருவர் வீழ்ந்து கிடக்கின்றனர். மாணவர்கள் கொடியை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பாமல், அந்தக் காயம்பட்டவரின் முகத்தருகே சற்று நேரம் நிற்கட்டும்.

ஈப்போ சாலை அண்ணன்:
அதே வளாகத்தில் உள்ள கல்தூணையும் தவறாமல் காட்டுங்கள், டீச்சர். வெண்கலச் சிலையைவிட வயதில் மூத்தது அதுதான். ஆங்கிலேயர் எழுப்பிய அந்தத் தூண் முன்பு ரயில் நிலையத்துக்கு அருகே, சாலைச் சந்திப்பில் நின்றது. மேம்பாலம் கட்டுவதற்காக 1964இல் இங்கே பெயர்க்கப்பட்டது. முதல் உலகப்போர், இரண்டாம் உலகப்போர், கம்யூனிஸ்டுகளின் முதல் கிளர்ச்சியை எதிர்த்துப் போரிட்ட 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலம் ஆகிய மூன்றின் ஆண்டுகளும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

பினாங்கு வாசகி:
அண்ணன் சொன்ன அந்த 1960ஐப் பற்றி மாணவர்களிடம் பேசுவது அவசியம் என்று கருதுகிறேன். கம்யூனிஸ்டுகளின் இரண்டாம் கிளர்ச்சி 1968இல் தொடங்கி, 1989 டிசம்பரில் தாய்லாந்தின் ஹாட் யாய் நகரில் அமைதி உடன்பாடு கையெழுத்தாகும் வரை நீடித்தது. 1975 ஆகஸ்டில் இந்தச் சிலையே குண்டு வைத்துச் சேதப்படுத்தப்பட்டது. செப்பனிடப்பட்டு 1977 மே மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே, தூணில் உள்ள ஆண்டோடு கதையை முடித்துவிடாமல், அதற்குப் பிறகு காடுகளில் உயிர்நீத்த வீரர்களையும் சேர்த்தே சொல்லுங்கள்.